செவேரோவின் தண்டவாள வண்டி

ஹோண்டுராஸின் வடகரையிலிருந்து வாழைக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, பட்டறை மெக்கானிக் செவேரோ முரில்லோவுக்கு மிஞ்சியது துருப்பிடித்த தண்டவாளம்தான். வாழைத்தார் கப்பலேறுவதற்காகப் போட்டது. நேரே துறைமுகத்துக்குப் போகும். ஆஸ்பத்திரியோ எதிர்த்திசையில், ஆற்றுக்கு அக்கரையில். கூப்பிடு தூரம்தான், பாலம் இல்லை; மழைக்காலத்தில் படகும் போகாது.

செவேரோ ஒரு பழைய பஸ் இன்ஜினை ரயில் சக்கரங்கள்மேல் ஏற்றி, பலகை அடித்து வண்டி செய்தார். துறைமுகம் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் நாலு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

"சர்க்காரு முப்பது வருசமா செய்யாதத எங்க செவேரோ அண்ணன் மூணே மாசத்துல செஞ்சுட்டாரு!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள் பக்கத்து வீட்டு ஃபிதெலீனா. கடைகள் தண்டவாளத்தோரம் நகர்ந்தன. தொலைபேசிக் கம்பங்களும் அதை ஒட்டியே வந்தன.

பாலத்துக்கு இடம் பார்க்க வந்த பொறியாளரும் அந்த வண்டியில்தான் வந்து இறங்கினார். செவேரோ வீட்டில் பொரித்த வாழைக்காயும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் குலுக்கினார்.

"பிரமாதம், செவேரோ ஐயா! உங்க ஊருக்கு இனி என்ன குறை?"

செவேரோ பூரித்துப்போனார். போக்குவரத்து வசதி ஏற்கெனவே உள்ள ஊர் என்று பொறியாளர் அறிக்கை எழுத, பாலத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய மகள் ஒத்தீலியாவுக்குப் பிரசவ வலி கண்டது. ரத்தம் நிற்கவில்லை. ஆறு கரைபுரண்டு ஓடியது. படகுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மகளை வண்டியில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டினார்.

"அப்பா, வேகமாப் போப்பா..."

"வேகமாப் போனா தடம்புரண்டுடும்டி கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பாதி வழியில் அவள் பேச்சு நின்றது. அவள் தலையை மடியில் வைத்திருந்த ஃபிதெலீனா, "இனிமே ஓட்டி என்னண்ணே ஆவப்போவுது" என்றாள். குழந்தையும் வயிற்றோடு போயிற்று. நடுவழியில் வண்டியைத் திருப்ப இடமில்லை. துறைமுகம் வரை பிணத்தோடு போய்த்தான் அவர் ஊர் திரும்ப முடிந்தது.

காரியம் முடிந்ததும் ஊரார் செவேரோவை முன்னால் விட்டுப் பாலத்துக்கு மறுபடி மனுக் கொடுத்தார்கள். அதிகாரி அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஒரு வண்டி பத்தலங்கிறீங்க. அவ்வளவுதானே?"

ஒரு மாதத்தில் இன்னொரு பஸ் இன்ஜின் வந்து இறங்கியது. அதைச் சக்கரத்தில் பொருத்தத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். செவேரோ அதன் பக்கமே போகவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியான தன் மருமகளைக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள் ஃபிதெலீனா.

"இவள நான் எதுலண்ணே கொண்டுபோவேன்?"

அவர் பொருத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் பாலம் கேட்டு யாரும் மனுக் கொடுக்கவில்லை.