அறுந்த கரையில் வழி கேட்டவள்

பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும், இன்றைக்கும் அப்படித்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேப்பிலை அடிக்கிறவன் எங்கள் குப்பத்துக்கு வந்தால் கூட்டத்தோடு போய் நிற்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடிப்பேன், அதற்கும் அடங்காவிட்டால் ராயபுரத்தில் டாக்டரிடம் போவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எர்ணாவூருக்குக் கிழக்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் ரங்கோனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன புதிதில் ஒரு கடுதாசி வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவருடைய அண்ணன் முனிசாமி மாமாவின் கட்டுமரத்தில் வருகிற மீனில் ஒரு கூடை எடுத்துப்போய் ராயபுரத்தில் விற்று வருவதுதான் எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கும் வழி. மீன் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ரயிலில் கூடையை ஏற்றினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அதனால் ஓட்டம்தான். தலையில் கூடை, இடுப்பில் தூக்கிச் செருகின புடவை, குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் ஓடுகிற ஒரு ஓட்டம், எங்கள் பெண்களுக்கு நடையே அதுதான்.

போவதற்கு இரண்டு வழி. சாலையோடு திருவொற்றியூரைச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று, எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவார்கள். கடலோரமாகவே ஓடுவது இன்னொன்று. அதில் போனால் அரைமணி நேரம் மிச்சம், ஆனால் நடுவில் அறுந்த கரை என்று ஒரு இடம் உண்டு. துறைமுகம் கட்டினதிலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் மணல் போய், அதன் பின்னால் இருந்த ஒரு தெருவே போய்விட்டது. கடலை நிறுத்தக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கல், இன்னொரு பக்கம் அலை, நடுவில் ஒரே ஒரு ஆள் போகிற அகலத்துக்குக் கல் விளிம்பு. ஒரு பர்லாங் தூரம் அப்படி.

பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பஞ்சாயத்தார் சொல்லிவைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆகாது என்பார்கள். ஆண்கள் போனால் மட்டும் ஆகுமாம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சுற்றுவழியில் ஓடி, மீன் வயிறு உடைந்து, கேட்பாரில்லாமல் கூடையோடு திரும்பின ஒரு நாள் முடிவு செய்துவிட்டேன். முனிசாமி மாமா வாசலில் வந்து நின்று, குடும்ப மானம் போகிறது என்று கத்தினார். போகட்டும் என்று நான் போனேன். ஒரு மாதம் போனேன், ஒன்றும் ஆகவில்லை.

சித்திரை மாதம் ஒரு நாள் கட்டுமரம் தாமதமாகக் கரையேறியது. நான் அறுந்த கரைக்கு வரும்போது நல்ல உச்சி வெயில், நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம். விளிம்பில் பாதி தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"வயி வுடு மே."

மூச்சு வாங்க, சுமையோடு ஓடி வருகிறவளின் குரல். நம்பினால் நம்புங்கள், முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பரவாயில்லையே, இன்னொருத்தியும் துணிந்துவிட்டாளே என்று. ஆனால் அங்கே வழி விடுவது லேசான காரியம் இல்லை. ஒன்று தண்ணீரில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கூடையோடு கல்லில் ஒண்ட வேண்டும். கொஞ்சம் பொறு, முனை வந்துவிடும் என்று ஓடிக்கொண்டே சொன்னேன். இன்னும் பத்தடி போனதும் அதே குரல், அதே வார்த்தை, இந்தத் தடவை என் பிடரிக்குப் பக்கத்தில். முதுகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

கூடைத் தண்ணீர் என்பீர்கள். கூடைத் தண்ணீர் அந்த வெயிலில் வெதுவெதுப்பாக, கவுச்சியோடு இறங்கும், தினமும் அதில் நனைகிறவளுக்குத் தெரியாதா. இது ஆழக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது, ஒரு வாடையும் இல்லை.

தலையில் சுமை இருப்பவள் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும், அந்த விளிம்பில் அப்படித் திரும்பினால் கடலில்தான் விழ வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பின்னால் மூச்சு கேட்கிறது, காலடி கேட்கவில்லை. மூன்றாவது தடவை வழி கேட்டபோது குரலில் கோபம்கூட இல்லை, ஒரு கெஞ்சல் இருந்தது. பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தோடு கூடவே ஒரு ஆத்திரமும் வந்தது. குப்பத்தில் ஒதுங்கு என்கிறார்கள், ரயிலில் ஒதுங்கு என்கிறார்கள், ஆளே இல்லாத இந்த இடத்திலும் ஒதுங்கு என்றால் நான் எங்கேதான் போவது.

"வுட மாட்டேன்" என்றேன், சத்தமாகவே. சொல்லிவிட்டு ஓடினேன், என் ஆயுசில் அப்படி ஓடினதில்லை.

கல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் நின்று திரும்பினேன். யாரும் இல்லை. சுடுகல்லின் மேல் ஈரக் காலடி ஒரு வரிசை இருந்தது, குதிகால் படாமல் முன்பாதம் மட்டும், நாங்கள் ஓடுகிற அதே ஓட்டம். எனக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றுபோயிருந்தது. என் கால் காய்ந்து புழுதியாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் ஒவ்வொரு காலடியாக மறைந்தது, தூரத்தில் இருந்தது முதலில், கிட்டத்தில் இருந்தது கடைசியில்.

ராயபுரத்துக்குப் போய் மீனை விற்றேன். வேறென்ன செய்வது. யாரிடமும் மூச்சு விடவில்லை. திரும்பும்போது இரண்டு வழியும் பிரிகிற காலடிப்பேட்டை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன், சாலையோடு போய்விடலாமா என்று. இன்றைக்குச் சாலையோடு போனால் நாளைக்கும் சாலைதான், அப்புறம் ஆயுசுக்கும் சாலைதான் என்று தோன்றியது. காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறுந்த கரைக்கே போனேன். வெயில் தாழ்ந்திருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்தது. விளிம்பின் நடுவில் நின்று, கல்லைப் பார்த்தா கடலைப் பார்த்தா என்று தெரியாமல் பேசினேன்.

"நீ யாரா இருந்தா எனக்கின்னா. எனக்கு ஒரு கொயந்த கீது. நான் இப்டிதான் போவேன், நாளிக்கும் போவேன். நீயும் போ, வாணாங்கல. ஆனா என்னை எறங்கச் சொல்லாத."

அப்புறம் எனக்கு மிகக் கிட்டத்தில், கனத்த கூடை ஒன்றைக் கல்லின் மேல் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. கூடவே "ஸ்ஸப்பா" என்று ஒரு பெருமூச்சு, நாள் முழுக்கச் சுமந்தவள் விடுகிற பெருமூச்சு. அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஓடவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளும் அதே வழியில் போனேன். இதை வெளியே சொல்லியிருந்தால் பஞ்சாயத்தாருக்குக் கொண்டாட்டம், நாங்கள் அப்போதே சொன்னோமே என்று என்னை அடைத்துப் போட்டிருப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை என் பின்னால் வந்தாள், மழைக்காலத்துக்குள் ஆறு பேர் ஆனோம். ஆறு பேரையும் அடைக்க யாராலும் முடியவில்லை. முனிசாமி மாமாவும் கத்துவதை விட்டுவிட்டார். ரங்கோனுக்குப் போனவர் வரவேயில்லை. அந்த ஓட்டத்தில்தான் என் பெண்ணை வளர்த்து ஆளாக்கினேன். வழி கேட்கும் குரல் எனக்கு மறுபடி கேட்கவேயில்லை.

ஆனால் சில வருஷம் கழித்து ஒரு நாள், மீன் விற்று முடிந்து மார்க்கெட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அஞ்சலை கேட்டாள். அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை, சாமி சத்தியமாகச் சொன்னதில்லை.

"யக்கா, தெனம் கேக்கணும்னு நெனைச்சிகினே இருந்தேன். அந்தக் கல்லுல பாதி வழில ஒரு தோளை உள்ள வாங்கி நிக்கிறியே, யாருக்கு ஒதுங்குற?"

அப்படி நிற்பது எனக்கே தெரியாது. மறுநாளிலிருந்து கவனித்தேன். அவள் சொன்னது நிஜம். அந்த இடம் வந்ததும் என்னைக் கேட்காமலே தோள் கல் பக்கம் திரும்புகிறது, ஒருத்தி கடந்து போகிற நேரம் கால் நிற்கிறது, அப்புறம் தானாக ஓடுகிறது. பிடிவாதமாக நிற்காமல் ஓடிப் பார்த்தேன், முடியவில்லை. நிற்கட்டும், அதனால் என்ன. தண்ணீரில் நான் இறங்கவில்லை.