பிரித்துத் தைத்த காலர்கள்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நன்றாகத் தைக்கிறவளை நிம்மதியாகத் தைக்க விட எந்த முதலாளிக்குத்தான் மனசு வரும்? காலர் பிரிவுக்கே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவளைப் பிடித்தது பயம்.

யாரையாவது குறை சொன்னால் மொத்தப் பிரிவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சொல்லாவிட்டால் சரக்கு திரும்பி வரும். அத்தனை பேர் கண்ணெதிரே தன்னைப் பழையபடி மெஷினில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். இதற்கு அவள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கோணலாக வந்த காலர்களைக் கூடையில் ஒதுக்கிவைத்து, மற்றவர்கள் சாப்பிடப் போனதும் தானே பிரித்துத் தைப்பாள். யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். "உனக்குப் புரமோஷன் குடுத்தாங்களா, ரெண்டு ஆள் வேலை குடுத்தாங்களா?" என்று கணவன் கேட்டபோதும் மழுப்பிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்தில் ஊசி விரலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையால் துணியைப் பிடிக்கவே முடியவில்லை. சாயங்காலம் சரக்கு வண்டியேற வேண்டும். கூடையோ நிரம்பி வழிந்தது. மேனேஜர் ஒரு காலரை எடுத்துப் பார்த்தார். வண்டி வருவதற்குள் எல்லாம் சரியாகாவிட்டால் திங்கட்கிழமை வேறு சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, இத்தனை நாள் செய்ததையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

காலர் தைக்கிறவர்களில் பட்டாசு என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்தி எழுந்தாள். "நான் தைச்சது சரின்னு நெனச்சுத்தானேக்கா தைச்சிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருத்திக்க மாட்டேனா? எங்களை அவ்வளவு மட்டமாவா நெனச்சீங்க?"

இவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவமானப்படுத்தியிருக்கிறோமே என்று அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

பட்டாசு கூடையை இழுத்து எல்லா மெஷின்களுக்கும் பங்கு போட்டாள். தான் பிரித்துத் தைத்த முதல் காலரை அக்காவின் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கக்கா. சரியா, தப்பா?"

ஒரு முனை கொஞ்சம் தூக்கியிருந்தது. வெளியே வண்டியின் ஹார்ன் கேட்டது. சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது.

"தப்பு" என்றாள்.

எங்கே என்று பட்டாசு கேட்டாள். அக்கா காட்டினாள். பட்டாசு மறுபடி பிரிக்க உட்கார்ந்தாள். பக்கத்து மெஷின்காரி தன் காலரோடு எழுந்து வந்து மேஜை முன்னால் நின்றாள்.