பின்சீட்டில் படுத்துப் பார்த்தவள்

பெருங்கடவிளைப் பக்கத்துக் கிராமங்களில் பேறுகாலம் பார்க்கும் நர்ஸ் புஷ்பபாய் கார் வாங்கப் போகிறாள் என்று கேட்டபோது, கிறிஸ்தவ சபையில் சிலர் சிரித்தார்கள். காரணம் அவளுக்குத் தெரியும். அதைச் சர்ச் வாசலில் நின்று விளக்குவதில் விருப்பமில்லை.

ஐம்பத்து நாலாம் ஆண்டு, தெற்குத் தாலுகாக்களில் மெட்ராஸோடு சேரத் தமிழர் நடத்திய போராட்டம் முற்றி, துப்பாக்கிச் சூடும் நடந்து முடிந்திருந்த நாட்கள். பஸ் ஓடவில்லை, வாடகை வண்டிக்காரர்கள் கல்லடிக்குப் பயந்து வெளியே எடுக்கவில்லை. அம்பூரி மலையடியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. கட்டிலில் படுக்க வைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தார்கள். புஷ்பபாய் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் மனத்தில் ஒரு கார் நின்றது. கணவன் எலியா யுத்த காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். வண்டியை அவன் பார்த்துக்கொள்வான்.

இரண்டு வருஷம் கழித்துப் பாறசாலையில் ஒரு கார் விலைக்கு வந்தது. மாநில எல்லைக் கோடு எங்கே விழும் என்பது தெரிந்துவிட்டிருந்தது. தெற்கே நாலு தாலுகாக்கள் மெட்ராஸோடு போகின்றன, நெய்யாற்றின்கரை போகவில்லை. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஞானசம்பந்தம் பிள்ளை, நாகர்கோவிலில் மகன் வீட்டோடு போய்விடத் தீர்மானித்து, தன் கறுப்புக் காரை விற்க நினைத்தார்.

எலியா எஞ்சினைக் கேட்டான், கீழே படுத்துப் பார்த்தான், பாறசாலை முக்கு வரை ஓட்டி வந்தான்.

"வண்டி கொள்ளாம். முடிச்சிரலாம்," என்றான் மனைவியிடம்.

"எனக்கு இன்னும் பாத்து முடியல்ல," என்றாள் புஷ்பபாய். பிறகு ஞானசம்பந்தத்திடம் திரும்பி, "சார், ஒரு பகல் வேணும். அம்பூரி வரைக்கும் போயிட்டு வரணும். நீங்களும் கூட வாங்க," என்றாள்.

அவருக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனாலும் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

பெருங்கடவிளை தாண்டியதும் சாலை கல்லும் குழியுமானது. புஷ்பபாய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கிக்கொண்டாள்.

"இனி ஓட்டுங்க."

ஞானசம்பந்தம் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "என்ன நர்சம்மா இது?"

"வலி கண்ட பெண்ணு இருந்துகிட்டா வருவா, சார்? இப்படித்தான் படுத்திருப்பா. அவளுக்கு எப்படி இருக்கும்னு நான் பாக்கண்டாமா?"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து குரல் வந்தது. கால் கதவில் இடிக்கிறது. தரைப் பலகை வழியாகப் பெட்ரோல் வாடை ஏறுகிறது, இது குமட்டும். கொஞ்ச தூரம் போன பிறகு, "இடப்பக்கம் ஒரு ஸ்பிரிங்கு இடுப்புல குத்துது," என்றாள்.

"குத்த வழியில்லியே," என்றார் ஞானசம்பந்தம். "இத்தனை வருஷமா எங்க வீட்டம்மா அந்த இடத்திலயாக்கும் இருந்து வந்தது. ஒரு குறை சொன்னதில்ல."

புஷ்பபாய் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

அம்பூரி ஏற்றத்தின் நடுவில் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும், பெண்ணைத் தூக்கி வருவார்கள், உடனே கிளம்ப வேண்டும். அது நடக்குமா என்று பார்க்க வேண்டும். எலியா அணைத்தான். மறுபடி எடுத்தபோது எஞ்சின் இருமியதே தவிர உயிர் பிடிக்கவில்லை. இறங்கி ஹேண்டில் போட்டுச் சுற்றினான். வியர்த்ததுதான் மிச்சம்.

ரப்பர் கன்றுகளுக்கிடையில் நின்ற ஒருவர், "வண்டி கேடாயோ?" என்று கேட்டார்.

"கேடொந்நுமில்ல, சூடாணு. தணுக்கட்டே," என்று மலையாளத்திலேயே சொன்னாள் புஷ்பபாய். ஆறினால் சரியாகும் என்று அவளும் நம்பத்தான் வேண்டியிருந்தது.

மூவரும் நிழலில் நின்றார்கள். ஞானசம்பந்தம் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சாறு தடவை இப்படி நின்னதுண்டு. கோவிலுக்குப் போனா தரிசனம் முடியுமுன்ன ஆறிரும். அதனால பெருசாத் தோணல்ல."

எலியா ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவி அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நாகர்கோவிலுக்கு என்னைக்கு, சார்?" என்று கேட்டாள்.

"சிங்க மாசம் பிறந்தா போவணும். இங்க இருந்து என்ன செய்ய? கூட்டத்துக்குப் போனோம், மனு கொடுத்தோம். கோடு நம்மள விட்டுட்டுத் தெக்க போயிட்டு. பேரப்பிள்ளைங்க தமிழ் எழுத்துப் படிக்கதப் பக்கத்திலிருந்து பாக்கலாம்."

"அம்மா என்ன சொல்றாவ?"

"அவ என்ன சொல்லப்போறா."

வண்டி ஆறிக் கிளம்பி அவர்கள் பாறசாலை வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் மனைவி பகவதியம்மாள் காப்பி கொண்டுவந்தார். பிரசவத்துக்குப் போகிற வீடுகளில் வலி எங்கே என்று நேராகக் கேட்டுப் பழகியவள் புஷ்பபாய். இங்கேயும் அப்படியே கேட்டாள்.

"அம்மா, பின்சீட்டுல இடப்பக்கம் குத்துமா?"

"குத்தும்," என்றார் பகவதியம்மாள். "பழைய சேலை ஒண்ண மடிச்சு வச்சுக்கிடுவேன்."

ஞானசம்பந்தம் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே."

"நீங்க கேக்கல்லியே."

கோபமில்லாத குரல். எலியா எழுந்து வண்டியைப் பார்ப்பதுபோல முற்றத்துக்குப் போனான். புஷ்பபாய்க்கும் எழுந்துவிடத் தோன்றியது. அதற்குள் ஞானசம்பந்தம், "நாகர்கோவிலுக்குப் போறதுலயும் உனக்கு..." என்று தொடங்கிப் பாதியில் விட்டார்.

பகவதியம்மாள் காலி டம்ளர்களை எடுத்தார். "இங்க கிணத்து வெள்ளம் நல்லதாக்கும். எனக்கு இங்க உள்ள ஆளுகளைத் தெரியும். அங்க மருமவளைத் தெரியும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எஞ்சின் கோளாறை எலியா கண்டுபிடித்தான். பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போய்ச் சூடேறிக்கொண்டிருந்தது. நெய்யாற்றின்கரைப் பட்டறையில் குழாயை விலக்கி வைத்தார்கள். மறுபடியும் அதே ஏற்றத்துக்குப் போய் அணைத்து எடுத்தபோது முதல் தடவையிலேயே பிடித்தது. ஸ்பிரிங்கை ஞானசம்பந்தம் தாமே ஆள் வைத்து மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் புஷ்பபாய் சரி என்றாள்.

ஆவணியாகிய சிங்க மாதம் வந்தது. பிள்ளை வீட்டில் யாரும் சாமான் கட்டவில்லை. அந்த வருஷம் அவர்கள் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னாராம் ஞானசம்பந்தம்.

கார் வாங்கிய அதே வருஷம் நவம்பர் முதல் தேதி, மலையாளத்துக்கான புது மாநிலம் பிறந்த அன்று, நெய்யாற்றின்கரையில் தோரணம் கட்டி ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. புஷ்பபாயின் காரில் மலையடிப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். புஷ்பபாய் இறங்கி, முன்னால் நின்றவர்களிடம் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் கொடிகளைச் சாய்த்துப் பிடித்து ஒதுங்கினார்கள். அவள் ஏறிக்கொண்டதும் வண்டி மெல்ல நகர்ந்தது.

"அது என்ன சத்தம், அக்கா?" என்று கேட்டாள் படுத்திருந்தவள்.

"ஊர்வலம் போவுது மக்கா. நீ மூச்ச நல்லா இழுத்து விடு," என்றாள் புஷ்பபாய்.