செல்லையா அண்ணன் முடிக்காத ஜீப்பு

செல்லையா அண்ணன் காலமாகிவிட்டார் என்ற செய்தி, காய் எடுக்கும் பெண்களை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு நான் வண்டியைத் திருப்பும்போது வந்தது. மறைப்பானேன், முதலில் எனக்கு அழுகை வரவில்லை. போச்சுடா, இனி அவருடைய ஜீப்பை நான்தானே முடித்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

போடியிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் டிரைவர்களில் மூத்தவர் அவர். சொந்தமாக ஒரு ஜீப்பு வேண்டும் என்று அடிச்சட்டமான பழைய சேஸ் ஒன்றை வாங்கி வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருடம்! "எப்பண்ணே ரோட்டுக்கு வரும்?" என்று கேலி செய்வோம்.

"வர்ற தைக்குப் பாரு அப்பு, உன்னையத்தான் மொதல்ல ஏத்துறேன்" என்பார்.

அது முடியாமல் போனதற்குக் காரணமே நாங்கள்தான். காய் எடுப்பு மும்முரத்தில் ஒருநாள் என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சிலமலை ஊர்ப் பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டில் நின்றார்கள். அண்ணன் தம் ஜீப்பிலிருந்து செல்ப் மோட்டாரைக் கழற்றி நீட்டினார். "வெரசா மாட்டு. சோலிக்குப் போற சனம் நிக்கக் கூடாது." திருப்பித் தருவதாகச் சொன்னேன். தரவேயில்லை, அவரும் கேட்கவில்லை. இப்படியே டைனமோ தேவாரம் ஊர் டிரைவர் ஒருவருக்கும் ரேடியேட்டர் இன்னொருவருக்கும் போயின.

அவர் படுக்கையில் விழுந்தபோது, மனசு கேட்காமல் வாயைக் கொடுத்துவிட்டேன். "கவலைப்படாதீங்கண்ணே, நான் முடிச்சு ஓட்டிக் காட்டுறேன்."

அவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி, எங்கள் மதினி, கூப்பிட்டார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன்.

"கொழுந்தனாரே, நீங்க வாக்குக் குடுத்த அன்னைக்கு உங்கண்ணன் இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. 'பஞ்சர் பாக்கவே ஆள் தேடுறவன், அவனா முடிக்கப் போறான்? பாவம், பய கெடந்து தவிப்பான். நான் மாட்டிக் கழட்டுன வரைக்கும் எனக்குப் போதும். மிச்சத்தையும் வேணுங்கிறவங்க கழட்டிக்கட்டும்'னு சொன்னாரு."

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, சிரிப்போடு சேர்ந்து.

மறுநாள் டிரைவர்கள் நான்கு பேர் ஸ்பானரோடு போய், மிச்சப் பாகங்களைக் கழற்றி எங்கள் வண்டிகளில் மாட்டிக்கொண்டோம். கடைசியாகச் சேஸையும் இழுத்துச் சென்றதும் மதினி கொல்லையைக் கூட்டிவிட்டு, துணி காயப்போடக் கொடி கட்டினார். "இப்பத்தான் எங்கொல்லையே கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

அண்ணே, உங்கள் ஜீப்பு இன்று காலை நான்கு வண்டிகளில் மேட்டுத் தோட்டங்களுக்கு ஏறிப்போனது. என் பாரம் இறங்கிவிட்டது. நீங்களும் நிம்மதியாகப் போய் வாருங்கள்.