முழுச் சுற்றா, முக்கால் சுற்றா

குன்னூரில் தேயிலைத் தூளைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழில். கரண்டியில் ஒரு வாய் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட வேண்டும். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் இருநூறு கோப்பைகூட ஆகும். சாம்பிளுக்கு ஒரு தூள், மூட்டையில் வேறு தூள் என்று அனுப்புகிறவர்களை இருபது வருடமாகப் பார்த்தவன் நான். யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. அதை என் மனைவி குறை என்பாள். நான் தகுதி என்பேன்.

நெஞ்செரிச்சலை வெகுநாள் மாத்திரையில் ஓட்டினேன். போன வருடம் அந்தப் புளிப்பு தொண்டையைத் தாண்டி வாய்க்கே வர ஆரம்பித்தது. ஒருநாள் சோலூர்ப் பக்கத்து ஃபேக்டரிக்காரர் போன் செய்தார்.

“ஏனுங்க, நம்ம தூளு புளிக்குதுன்னு எழுதியிருக்கீங்க? இன்னொருத்தரு பாத்துட்டு அருமைங்கறாருங்களே?”

இரண்டு நாள் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டு மறுபடி சுவைத்தேன். தூளில் புளிப்பே இல்லை. புளித்தது என் வாய்தான். பயந்துபோனேன். நாக்கு பொய் சொன்னால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

கோயம்புத்தூருக்கு இறங்கினோம். வாய் வழியாகக் கேமரா விட்டும், மூக்கு வழியாகக் குழாய் விட்டும் சோதித்த முதல் சர்ஜன், ஆபரேஷன்தான் வழி என்றார். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் கழுத்தில் துண்டு சுற்றுகிற மாதிரி முழுதாகச் சுற்றித் தைப்பாராம். அமிலம் மேலே ஏறாது. ஆனால் ஏப்பம் விடுவது கஷ்டம், வயிறு உப்பும், வாந்தி எடுக்கவும் சிரமம். “போகப் போகப் பழகிடுங்க” என்றார். நாள்பட்ட சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிற புரோக்கரும் இதே குரலில்தான் பேசுவார்.

இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்தவர் முக்கால் சுற்றுப் போதும் என்றார். அமிலமும் அடங்கும், ஏப்பமும் வரும், உப்புசம் குறைவு. அப்படியானால் எல்லோரும் ஏன் இதையே செய்வதில்லை? மீதிக் கால் சுற்றை ஏன் விடுகிறார், முழுதாகத் தைக்கத் தெரியாதோ என்றுகூட நினைத்தேன். விசாரித்தால், முதலாமவர் பெரும்பாலும் முழுச் சுற்றுப் போடுகிறவர், இவர் பெரும்பாலும் முக்கால். அவரவர் கடையில் இருக்கும் சரக்கைத்தான் அவரவர் புகழ்கிறார்.

காந்த மணிகளைக் கோத்த வளையம் ஒன்றை உணவுக்குழாயைச் சுற்றி மாட்டுவதும் வெளிநாட்டில் உண்டாம். எங்கள் ஃபேக்டரிகளில் தூளில் கலந்த இரும்புப் பொடியைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்போம். அதைக் கொண்டுபோய் நெஞ்சுக்குள் மாட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

கடைசியில் அடைப்பதென்றால் முழுதாக அடைத்துவிடலாம் என்று முதலாமவரிடமே நாள் குறித்தேன். முந்தைய நாள் காலை, ஒப்புதல் படிவத்தோடு உட்கார்ந்த டாக்டர் பழைய கேள்விகளையே மறுபடி கேட்டார்.

“டீ, காபி எத்தனைங்க?”

“டீ குடிக்கறதே இல்லீங்க.”

இரண்டு டாக்டர்களிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. துப்பிய டீயைக் குடித்த கணக்கில் எங்கள் தொழிலில் யாரும் சேர்க்க மாட்டோம். ஆனால் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“அப்படிச் சொன்னா எப்படீங்க? டாக்டருங்க, இவரு டீ ருசி பாக்கற வேலைங்க. நாள் பூரா உறிஞ்சி உறிஞ்சித் துப்பறாருங்க. ஊட்டுக்கு வந்தா ஏப்பமா விட்டுட்டுக் கெடப்பாரு.”

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தினார். “செஞ்சு காட்டுங்க.”

உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்கு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான்காவது வாய்க்குப் பிறகு பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

“இவ்வளவு காத்தை உள்ள இழுக்கறீங்க. முழுச் சுத்துப் போட்டிருந்தா இது எந்த வழியா வெளிய வரும்? வயிறு உப்பி நீங்க துடிச்சிருப்பீங்க. உங்களுக்கு முக்கால்தான்.”

கூசிப்போனேன். மூன்று மாதமாக ஊரையே சந்தேகப்பட்டுவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை நானே சொல்லாமல் இருந்திருக்கிறேன். அப்போதும் என் புத்தி போகவில்லை. ஒரே நிமிடத்தில் பேச்சை மாற்றுகிறாரே என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

“முக்கால் போட்டா நான் பழையபடி இந்த வேலை பாக்கலாமுங்களா?”

அவர் படிவத்தைக் கீழே வைத்தார்.

“தெரியலீங்க. ஆசிட் அடங்கும், வாய் புளிப்பும் குறையும். ஆனா தெனமும் இப்படி உறிஞ்சற ஒருத்தருக்கு நான் இதுவரைக்கும் பண்ணதில்ல. தையல் தாங்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழைப்பே போனாலும் போகலாம். ஆனால் இத்தனை மாதத்தில் என்னால் சந்தேகப்பட முடியாத பேச்சு அது ஒன்றுதான்.

“கையெழுத்து எங்கீங்க போடணும்?” என்றேன்.