வரதனின் கார் பல்பு

மெக்கானிக் வரதன் இன்வெர்ட்டரைத் தொடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். 1983-இல் அம்பத்தூர்ப் பட்டறையில் ஒரு கூட்டாளியை மின்சாரத்துக்குப் பறிகொடுத்த நாளிலிருந்து அந்தப் பழக்கம்; இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயுமாம்.

1996 ஜூன் மழையின் மூன்றாம் நாள் காலை 9.20-க்கு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு இழுப்பு. மருந்தைப் புகையாக்கித் தரும் இயந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முழுக்க நனைந்திருந்தது. உயர ஸ்டூலில் இருந்த பேட்டரி மட்டும் தப்பியது. இரண்டையும் வரதன் மாடி அறைக்குத் தூக்கி வந்தார். அதற்குள் தண்ணீர் கழுத்தளவு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் போக முடியாது, வீட்டுக்கு அவரும் போக முடியாது.

சேற்றைக் குடிநீரில் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரம் விசிறினார். பிறகு பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு கார் பல்பைக் கோத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வேறொன்றும் கருகாது என்றார்.

10.40-க்குப் பளிச்சென்று எரிந்தது. மறுபடி விசிறி, 11.35-க்குப் பார்த்தபோதும் அப்படியே. என்னால் படுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பல்புதான் இவ்ளோ நல்லா எரியுதே, நேரா குடேம்பா. அவரு மூச்சு வுடவே கஷ்டப்பட்டுகினு கீறாரு" என்றாள் என் மனைவி பஞ்சவர்ணம்.

"நேரா குடுத்தா பத்திக்கும்க்கா. எங்க ஓடுறது? சுத்தி தண்ணி."

வயர்களைக் கழற்றி, திருகுகளை மீண்டும் பிரித்தார். அலுமினியத் தகட்டின் அடியில் சிவப்பாக ஒரு குழம்பு. ஐந்து வருட ஆயுத பூஜைக்கும் பஞ்சவர்ணம் காற்றோட்ட ஓட்டைகளின் மேலேயே அப்பிய சந்தனமும் குங்குமமும் உள்ளே உதிர்ந்து, நீரில் ஊறி, கரண்ட் கசிய வழி விட்டிருந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாமிக்கு வெச்சது தப்பில்லக்கா. வர்ற வருசம் ஓட்டைய வுட்டுட்டு வையி" என்று சொல்லி, என் ஊசிக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கேட்டு வாங்கித் துடைத்தார். அதன் வாடை முழுவதும் போகும்வரை வயரைத் தொடவில்லை.

12.10. பல்பு ஒருமுறை மின்னி, அணைந்தது.

"போச்சா?" என்று பஞ்சவர்ணம் என் தோளைப் பற்றினாள்.

"அணைஞ்சாத்தான்க்கா நல்லது."

இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு பல்பை எடுத்துவிட்டு வயரை நேராக இணைத்தார். 12.16-க்கு மருந்து இயந்திரம் இரைந்தது.

தண்ணீர் வடிய இரண்டு நாளானது. அதுவரை வரதனும் அந்த அறையிலேயே இருந்தார். இயந்திரம் ஓடும்போதெல்லாம் இன்வெர்ட்டரின் மூடியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார்.