சம்பந்திகள் ஏறிய படகு

என் தங்கை புருஷன் லாம்பிஸ், துருக்கியின் ஸ்மிர்னாத் துறையில் படகோட்டி. யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவன்.

அத்திப்பழ வியாபாரி ஹார்லண்ட் துரை ஆங்கிலேயர். பட்டு வியாபாரி துமூலின் துரை பிரெஞ்சுக்காரர். ஹார்லண்டின் மகளைத் துமூலினின் மகன் கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஆனால் யாருடைய நாட்டுப் போர்க்கப்பலாவது வந்து நின்றால் போதும், சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றுவிடும்.

அந்த வருஷம் ஊரை ஆளத் தலைநகரிலிருந்து புது பாஷா கப்பலில் வந்தார். கடற்கரையில் சுவர் கட்டும் குத்தகையை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில். கப்பலுக்கே போய் முதல் சலாம் வைத்தால் காரியம் நடக்கும் என்று துரைகள் இருவரும் தனித்தனியே லாம்பிஸுக்கு ஆள் அனுப்பினார்கள். இருவருக்கும் தலையாட்டிவிட்டான்.

மதியம் காற்று கிளம்பி அலை புரண்டது. வேறு படகு எதுவும் அவிழவில்லை. துறைப்படியில் இரண்டு துரைகளும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இவர் எதுக்கு இங்க?” என்றார் துமூலின்.

“காத்து வாங்க வந்திருப்பாரு துரை. ரெண்டு பேரும் ஏறுங்க, பாரம் இருந்தாத்தான் படகு ஆடாது,” என்றான் லாம்பிஸ். இன்னொரு துடுப்பு என் கையில். சிரிப்பை அடக்குவது துடுப்புப் போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கப்பல் ஏணியை நெருங்கியதும் ஹார்லண்ட் காலைத் தூக்கினார். துமூலின் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“சம்பந்தி, எங்க சக்கரவர்த்திக்கு ஒரு மரியாதை இருக்கு.”

“எங்க மகாராணிக்கு மட்டும் இல்லையோ?”

ஓர் அலை வந்து மகாராணியின் ஆளைச் சக்கரவர்த்தி ஆளின் மடியில் உட்காரவைத்தது.

மேலிருந்து பாஷா எட்டிப் பார்த்தார். “என்னப்பா அங்க?”

“யாரு முதல்ல ஏறுறதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க பாஷா. ரெண்டு ராஜ்யமும் ஒத்துக்கிட்டா வந்திடுவாங்க.”

“அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே,” என்று பாஷாவே இறங்கி வந்துவிட்டார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கரை வரும்வரை இருவர் சொன்னதற்கும் “பார்க்கலாம்” என்றார்.

கடைசியில் குத்தகை, அன்று காய்ச்சலில் படுத்திருந்த ஓர் ஆஸ்திரிய வியாபாரிக்குப் போனது. அடுத்த ஞாயிறு சம்பந்திகள் ஒன்றாக உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டே ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள்.

லாம்பிஸைப் பாஷா தன் படகுக்கே வைத்துக்கொண்டார். சரிகை போட்ட சிவப்புச் சட்டையும் கொடுத்தார். அதைத் துவைக்கக்கூடக் கழற்றித் தரமாட்டேன் என்றுவிட்டான்; என் தங்கைதான் வருஷக்கணக்கில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.